ஏஐயிடம் மனு எழுதச் சொல்லும்போது சொல்லாமல் விட்டதை என்ன செய்வது?

தாலுகா ஆபீசுக்கு எதிரே டைப்பிங், ஜெராக்ஸ் கடை வைத்திருக்கிறேன். மன்னார்குடிப் பக்கம். பட்டா மாறுதல், வாரிசுச் சான்று, முதியோர் உதவித்தொகை, தகவல் உரிமை மனு, திங்கட்கிழமை கலெக்டர் ஆபீஸ் குறைதீர் கூட்டத்துக்குக் கொண்டுபோகும் மனு என்று எல்லாம் எழுதிக் கொடுப்பதுதான் பிழைப்பு. இப்போது நிறையப் பேர் போனை நீட்டி, "அக்கா, ஏஐல எழுதிட்டேன், பிரிண்ட் மட்டும் போட்டுக் குடுங்க" என்கிறார்கள். போட்டுக் கொடுக்கும்போது கண் தானாக ஓடும். தமிழ் நன்றாகத்தான் இருக்கும், எழுத்துப்பிழை இருக்காது. ஆனால் உள்ளே இருக்கும் கதை பாதி அவர்களுடையது, மீதி யாருடையதோ.

நடப்பது இதுதான். அவர்கள் இரண்டு வரி சொல்லியிருப்பார்கள். மெஷின் பதினைந்து வரி எழுதியிருக்கும். நடுவில் உள்ள இடைவெளியை அது ஊகித்து நிரப்பியிருக்கும். எது தான் சொன்னது, எது அது நிரப்பியது என்று மனுதாரருக்கே பிரித்துப் பார்க்கத் தெரியவில்லை. கையெழுத்துப் போட்டுத் தபாலில் சேர்த்துவிட்டால், அத்தனையும் அவர் சொன்னதாக ஆபீஸ் கோப்பில் ஏறிவிடும். பின்னால் ஒரு விசாரணை வந்து, "நீங்களே இப்படி எழுதியிருக்கீங்களே" என்று விஏஓ கேட்டால் பதில் சொல்ல வேண்டியவர் அவர்தான்.

ஏஐ வேண்டாம் என்று நான் சொல்லமாட்டேன். நானே தினமும் பயன்படுத்துகிறேன். சாட்ஜிபிடியோ ஜெமினியோ வேறு எதுவோ, கையாளும் முறை ஒன்றுதான். என் கடையில் நான் செய்வதை அப்படியே எழுதுகிறேன். மனுவுக்கு மட்டுமில்லை, அதனிடம் எதை எழுதச் சொன்னாலும் பொருந்தும்.

"அப்பா இல்லீங்க"

முதலில், நாம் ஒருவரையொருவர் எப்படிப் புரிந்துகொள்கிறோம் என்று பார்த்துவிடலாம்.

உதவித்தொகை விண்ணப்பத்தோடு ஒரு பிள்ளை அம்மாவுடன் வருகிறது. "அப்பா பேரு?" என்று கேட்டால் பெயரைச் சொல்லிவிட்டு, "அப்பா இல்லீங்க" என்கிறது. இந்த இரண்டு சொல்லுக்கு என் கடையில் மூன்று அர்த்தம் உண்டு. இறந்துவிட்டார் என்றால் இறப்புச் சான்று கேட்க வேண்டும். விட்டுவிட்டுப் போய்விட்டார் என்றால், அம்மாவுக்குக் கணவனால் கைவிடப்பட்டவர் என்ற சான்று இருக்கிறதா என்று கேட்க வேண்டும். திருப்பூரில் வேலை, தீபாவளிக்குத்தான் வருவார் என்றால் கையெழுத்துக்கு வேறு வழி பார்க்க வேண்டும். என் கண் முதலில் அம்மாவின் கழுத்துக்குப் போகும். தாலி இருக்கிறதா என்று பார்க்கும். பிள்ளையின் குரலையும் கவனிப்பேன். அப்படியும் அதை நம்பிவிடாமல், பிள்ளையை வெளியே ஜெராக்ஸ் பக்கம் அனுப்பிவிட்டு அம்மாவிடம் மெதுவாகக் கேட்டுவிடுவேன்.

இதையே போனில், "எனக்கு அப்பா இல்லை, உதவித்தொகைக்கு மனு எழுதிக் கொடு" என்று அடித்தால் என்ன நடக்கும்? மெஷினுக்குக் கழுத்தும் தெரியாது, குரலும் தெரியாது. கையில் இருப்பது அந்த ஒரு வரிதான். பெரும்பாலும், "என் தந்தை காலமாகிவிட்ட நிலையில்" என்று தொடங்கிவிடும். உயிரோடு இருக்கும் மனிதரைக் காகிதத்தில் சாகடித்தாயிற்று.

பேச்சில் சொல்லாததையும் சேர்த்துத்தான் நாம் கேட்டுக்கொள்கிறோம். பள்ளிக்கூடத்தில் எட்டு வகை விடை படித்தது நினைவிருக்கும். சுட்டு, மறை, நேர் மூன்றும் நேராகச் சொல்பவை. ஏவல், வினா எதிர் வினாதல், உற்றது உரைத்தல், உறுவது கூறல், இனமொழி ஐந்தும் குறிப்பாக உணர்த்துபவை. "கடைக்குப் போறியா?" என்றால் "கால் வலிக்குது" என்கிறோம். போகமாட்டேன் என்ற சொல் அதில் எங்குமே இல்லை. ஆனாலும் விடை வந்துவிட்டது. நன்னூல் இதையெல்லாம் விடை என்றே கணக்கில் சேர்த்திருக்கிறது. பால் கிரைஸ் என்ற தத்துவ அறிஞர் 1967-இல் ஹார்வர்டில் ஆற்றிய சொற்பொழிவுகளில் இதற்கு ஒரு காரணம் சொன்னார். பேசுகிறவர் தேவையான அளவு, உண்மையாக, சம்பந்தத்தோடு, தெளிவாகப் பேசுவார் என்று கேட்கிறவர் நம்புகிறார். அந்த நம்பிக்கையின் மேல் நின்றுகொண்டுதான், சொல்லாததையும் கண்டுபிடிக்கிறார்.

மெஷினும் ஒரு விதத்தில் கண்டுபிடிக்கத்தான் செய்கிறது. அதற்குப் பெரிய அளவில் எழுத்தைக் காட்டி, அடுத்து எந்தத் துண்டு வரும் என்று கணிக்கப் பழக்கியிருக்கிறார்கள். அதனால் இடைவெளி கண்ட இடத்தில், இப்படிப்பட்ட இடத்தில் வழக்கமாக எது வருமோ அதைப் போடும். "வழக்கமாக" என்பது அது படித்த எழுத்தில் உள்ள வழக்கம். நம் தெருவின் வழக்கம் அதில் எவ்வளவு இருக்கும்? ஆங்கிலத்தில் அது படித்ததோடு ஒப்பிட்டால் தமிழில் படித்தது மிகவும் குறைவு. தாலுகா ஆபீஸ் வாசலில் மக்கள் பேசுவது அதில் இன்னும் குறைவாகத்தான் இருக்க முடியும். ஆகவே நம்மிடம் எது சாதாரணமோ, அது அதற்கு அபூர்வம். அபூர்வமானதை அது தானாக ஊகிக்காது. நாம்தான் எழுத வேண்டும்.

முதல் செய்தியில் என்னென்ன இருக்க வேண்டும்

யார் எழுதுகிறார், யாருக்கு எழுதுகிறார், முடிவில் என்ன வேண்டும், இதுவரை என்ன நடந்தது, என்ன நடக்கவில்லை. இவ்வளவும் முதல் செய்தியிலேயே இருக்கட்டும். கடைசியில் உள்ள "என்ன நடக்கவில்லை" என்பதைத்தான் எல்லோரும் விட்டுவிடுகிறார்கள். மனு கொடுத்தேன், ஆனால் ஒப்புகைச் சீட்டு வாங்கவில்லை. பத்திரம் இருக்கிறது, ஆனால் வில்லங்கச் சான்று எடுக்கவில்லை. ஆர்ஐ, அதாவது வருவாய் ஆய்வாளர், வந்து பார்த்தார், அளக்கவில்லை. இந்த "இல்லை"களை எழுதாவிட்டால் மெஷின் அவற்றை நடந்ததாகவே வைத்துக்கொண்டு, "உரிய ஆவணங்கள் அனைத்தையும் ஏற்கெனவே சமர்ப்பித்துள்ளேன்" என்று ஒரு வரி போட்டுவிடும். எழுதுகிற மனுவில் எல்லாம் பார்க்கிற வரி இது.

"என்ன வேண்டும்" என்பதையும் நாம் தெளிவாகச் சொல்வதில்லை. "பட்டா மாத்தணும்" என்று மட்டும் சொன்னால் போதாது. வாங்கியது முழு சர்வே எண்ணா, அதில் ஒரு பகுதியா? பகுதி என்றால் உட்பிரிவு செய்ய வேண்டும், சர்வேயர் அளக்க வேண்டும். முழுசும் என்றால் உட்பிரிவு இல்லாத மாறுதல். இரண்டும் ஒரே வேலை இல்லை. கூட்டுப்பட்டாவில் பெயர் சேர்ப்பதா, தனிப்பட்டாவா என்பது அடுத்தது.

தகவல் உரிமை மனுவில் இது இன்னும் முக்கியம். ஒருவர் மெஷினிடம், "என் மனு மேல ஏன் நடவடிக்கை எடுக்கலைன்னு ஆர்டிஐ எழுது" என்கிறார். அது அவர் கோபத்தைப் பிடித்துக்கொண்டு, "ஏன் தாமதம்? இதற்கு யார் பொறுப்பு? இது நியாயமா?" என்று கேள்விகளை அடுக்குகிறது. 2005-ஆம் ஆண்டுச் சட்டத்தில் கேட்க முடிவது ஆபீசில் இருக்கும் தகவல். கோப்பு, குறிப்பு, நகல். அதிகாரியின் விளக்கத்தைக் கேட்டால் தட்டிக்கழிக்க நாமே இடம் கொடுத்ததாகிவிடும். தகவல் எதற்கு வேண்டும் என்று காரணம் சொல்ல வேண்டிய கட்டாயமும் நமக்கு இல்லை. எனவே மெஷினிடம் இப்படிச் சொல்லுங்கள்: "இது புகார் மனு இல்லை. இன்ன தேதியில் கொடுத்த என் மனு இப்போது எந்த நிலையில் இருக்கிறது, அதன் கோப்புக் குறிப்புகளின் நகல், அது யார் யார் பார்வைக்கு எந்தெந்தத் தேதியில் போனது, இந்த மூன்று மட்டும் கேள். காரணம், கருத்து, என் கஷ்டம் எதுவும் சேர்க்காதே." பத்து ரூபாய் கட்டணமும் முப்பது நாள் கெடுவும் அதற்குத் தெரிந்தவைதான். உங்கள் மனசில் இருப்பது வெறும் நகல் என்பதுதான் அதற்குத் தெரியாது.

அண்ணன் என்றால் எந்த அண்ணன்?

ஒரு பேச்சை முழுசாகக் காட்டுகிறேன். பெயர், ஊர் எதுவும் போடவில்லை.

நடுத்தர வயசுக்காரர் ஒருவர் மெஷினிடம் இப்படி எழுதியிருந்தார்: "அப்பா இறந்துட்டார். நிலம் பேர் மாத்தணும். நாங்க ரெண்டு பேர்தான். அண்ணன் கையெழுத்துப் போட மாட்டேங்கிறார். தாசில்தாருக்கு மனு வேணும்."

மெஷின் எழுதிக் கொடுத்த மனுவின் சாரம்: தந்தைக்கு வாரிசுகள் இரண்டு மகன்கள் மட்டுமே, மூத்த மகன் ஒத்துழைக்க மறுக்கிறார், ஆகவே என் பங்கை என் பெயருக்கு மாற்றித் தர வேண்டும். படித்தால் கோவையாகத்தான் இருந்தது.

நான் அவரிடம் கேட்டேன். "அண்ணன்னா கூடப் பிறந்தவரா ஐயா?" "இல்லம்மா, பெரியப்பா மவன்." "அப்ப ரெண்டு பேர்னு யாரைச் சொல்றீங்க?" "நானும் என் தம்பியும்." "கூடப் பிறந்த பொம்பளைப் பிள்ளைங்க?" "மூணு பேரு. எல்லாம் கட்டிக் குடுத்தாச்சு." "அம்மா?" "இருக்காங்க." "பட்டா யார் பேர்ல இருக்கு?" "தாத்தா பேர்லதான் இன்னும் கிடக்கு."

இதில் ஒரு பொய்கூட இல்லை, கவனியுங்கள். அவர் பேசியது எங்கள் ஊர் வழக்கம். பெரியப்பா மகனும் அண்ணன்தான். "ரெண்டு பேர்" என்றால் ஆண்பிள்ளைகள். கட்டிக் கொடுத்த பெண்களைக் கணக்கில் சேர்க்காமல் பேசுவது பழகிப்போயிருக்கிறது. பழகியிருந்தாலும் அது தப்பு, இதை நான் கடையில் வெளிப்படையாகவே சொல்லிவிடுவேன். உயில் எழுதாமல் இறந்த இந்து ஆணுக்கு, 1956-ஆம் ஆண்டு வாரிசுரிமைச் சட்டப்படி மனைவி, மகன்கள், மகள்கள், தாய் எல்லோரும் முதல் வரிசை வாரிசுகள். கல்யாணமான பெண் என்பதால் விலக்கு இல்லை. ஆக அவர் அப்பாவுக்கு வாரிசுகள் ஆறு பேர்: அம்மா, இரண்டு மகன்கள், மூன்று மகள்கள். பெரியப்பா மகன் அந்த வரிசையில் வரவேமாட்டார். ஆனால் பட்டா தாத்தா பெயரில் இருப்பதால் பெரியப்பா வழியில் அவருக்கும் பங்கு உண்டு. அதனால்தான் அவர் கையெழுத்து வேண்டியிருக்கிறது. மெஷின் எழுதிய மனு அப்படியே போயிருந்தால், மூன்று சகோதரிகளையும் அம்மாவையும் மறைத்ததாக ஆகியிருக்கும்.

உறவுமுறை வருகிற எந்த விஷயத்திலும், அழைக்கிற பெயரை விட்டுவிட்டு, யாருக்குப் பிறந்தவர் என்று எழுதுங்கள். "என் தந்தையின் அண்ணன் மகன்" என்று போட்டுவிட்டால் ஊகத்துக்கு இடமில்லை. "அவர்", "அவங்க" வேண்டாம். "சித்தப்பா தம்பிக்குப் பணம் கொடுத்தார், அவர் பத்திரம் தரவில்லை" என்றால் எந்த அவர்? 1972-இல் டெரி வினோகிராட் என்ற கணினி ஆராய்ச்சியாளர் இதே மாதிரி ஒரு வாக்கியத்தைக் கொடுத்தார். ஆர்ப்பாட்டக்காரர்களுக்கு நகரசபையினர் அனுமதி மறுத்தார்கள், ஏனென்றால் அவர்கள் வன்முறைக்கு அஞ்சினார்கள். அஞ்சியது நகரசபை. "அஞ்சினார்கள்" என்பதை "ஆதரித்தார்கள்" என்று மாற்றினால், "அவர்கள்" என்ற அதே சொல் ஆர்ப்பாட்டக்காரர்களைக் குறிக்கிறது. உலக நடப்பு தெரிந்தால்தான் இது விளங்கும். இன்றைய மெஷின்கள் அந்த வாக்கியத்தைச் சரியாகவே சொல்லிவிடுகின்றன. ஆனால் உங்கள் சித்தப்பா எப்படிப்பட்டவர் என்பது உலக நடப்பில் இல்லை. தமிழில் நாம் "அவர்" என்பதைக்கூட விட்டுவிட்டு "தரலை" என்று மட்டும் சொல்லும் ஆட்கள். ஆகவே ஒவ்வொரு தடவையும் ஆளைச் சொல்லுங்கள். வாக்கியம் அழகில்லாமல் போனாலும் பரவாயில்லை.

அளவு, நாள், ஊர்வழக்கு

தஞ்சாவூர், திருவாரூர்ப் பக்கத்தில் நிலத்தை மா, குழி என்றுதான் சொல்வோம். எங்கள் கணக்கில் 100 குழி ஒரு மா, 20 மா ஒரு வேலி. 144 சதுர அடி ஒரு குழி என்பதால் ஒரு மா 14,400 சதுர அடி, ஏறக்குறைய 33 சென்ட். வேறு மாவட்டத்துக்குப் போனால் குழியின் அளவே மாறும். பட்டாவிலோ ஹெக்டேர், ஏர் என்று இருக்கும். "மூணு மா இருக்கு" என்று மெஷினிடம் சொன்னால் அது மாமரம் என்று எடுத்துக்கொள்ளலாம். நில அளவு என்றே புரிந்துகொண்டாலும் எந்த ஊர்க் கணக்கைப் போடும் என்று உங்களுக்குத் தெரியாது. பட்டாவைக் கையில் வைத்துக்கொண்டு அதில் உள்ள எண்ணை அப்படியே அடியுங்கள். மாற்றும் வேலையை அதனிடம் விடாதீர்கள்.

நாளும் அப்படித்தான். "போன ஆடியில கொடுத்தேன்" என்பதற்குத் தேதி போட்டுக்கொள்ளுங்கள். குரலில் சொல்லி அடிக்கிறவர்கள், சர்வே எண்ணை மட்டும் விரலால் அடியுங்கள்.

எழுதுவதற்கு முன் கேள்வி கேட்க வையுங்கள்

இந்த வழிகாட்டியில் ஒன்றே ஒன்றைத்தான் எடுத்துக்கொள்ள முடியும் என்றால் இதை எடுத்துக்கொள்ளுங்கள். விவரமெல்லாம் கொடுத்த பிறகு, கடைசியில் இந்த வரிகளைச் சேர்த்துவிடுங்கள். நான் போனில் சேமித்து வைத்திருப்பது இது:

"இன்னும் மனு எழுதாதே. நான் சொல்லாமல் நீ ஊகித்திருப்பவை என்னென்ன என்று முதலில் எழுது. அதில் எது தவறாக இருந்தால் மனுவே மாறிவிடுமோ, அதை மட்டும் என்னிடம் கேள்வியாகக் கேள். தெரியாத விவரத்துக்கு நீயாக எதுவும் போடாதே. கோடு போட்டு இடம் விடு."

வழக்கமாக இந்த மெஷின்கள் கேட்டவுடன் எழுதிக் கொடுத்துவிடப் பார்க்கும். நாம் தடுத்து நிறுத்தினால் ஊகங்கள் வெளியே வந்துவிடும். மேலே சொன்ன நிலத்து விஷயத்தை இப்படிக் கேட்டால், "இருவர் மட்டுமே வாரிசுகள் என்று எடுத்துக்கொண்டேன், சகோதரிகள், தாய் உள்ளார்களா?" என்ற வகைக் கேள்வி வரும். அந்த ஒரு கேள்வியே காசு பெறும்.

வருகிற கேள்வி எல்லாவற்றுக்கும் பதில் சொல்ல வேண்டாம். "மனுவின் நோக்கம் என்ன, எந்தத் தொனி வேண்டும்" போன்றவற்றை ஒரு வார்த்தையில் முடித்துவிடலாம். ஆள், சொத்து, தேதி, கொடுத்த காகிதம் பற்றிய கேள்விகளில் நின்று பதில் சொல்லுங்கள். தெரியாவிட்டால், "தெரியாது, இடம் விடு" என்று எழுதுங்கள். ஆதார் எண், வங்கிக் கணக்கு எண் எதையும் அடிக்க வேண்டாம். அதற்கும் கோடுதான். பிரிண்ட் எடுத்தபின் பேனாவால் நிரப்பிக்கொள்ளலாம்.

ஊகங்களைக் கேட்டு வாங்கினாலும் அத்தனையையும் அது சொல்லிவிடாது. அதற்கே தெரியாமல் ஒட்டிக்கொள்பவை இருக்கும். முக்கியமாக உணர்ச்சி. "அலைக்கழிக்கப்பட்டேன்", "மன உளைச்சலுக்கு ஆளானேன்", "அலட்சியப் போக்கு" என்பவை மனு என்றாலே வந்து உட்காரும். மனுதாரர் அப்படிச் சொல்லவே இல்லை. ஒரு தடவை போனார், ஆர்ஐ லீவு, அவ்வளவுதான். ஆனால் மனுவைப் படிக்கிற அதிகாரியும் ஊகிப்பார் இல்லையா? "அலைக்கழிப்பு" என்று பார்த்ததும் தன்மேல் குற்றம் சாட்டுகிறார்கள் என்று எடுத்துக்கொள்வார். நாளைக்கு அதே மேஜைக்குத்தான் மனுதாரர் போக வேண்டும். நடந்ததை நடந்தபடி எழுது, வர்ணிக்காதே என்று முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்.

நாம் அதைப் பற்றி ஊகிப்பது

இதுவரை மெஷின் நம்மைப் பற்றி ஊகிப்பதைச் சொன்னேன். நாம் அதைப் பற்றி ஊகிப்பதில் ஆபத்து இன்னும் அதிகம்.

எதிரில் இருப்பவர் "புரிஞ்சுது" என்றால் புரிந்தது என்று எடுத்துக்கொள்கிறோம். ஒருவர் தயங்காமல் அரசாணை எண்ணும் நாளும் சொன்னால், எங்கோ பார்த்துவிட்டுத்தான் சொல்கிறார் என்று நினைக்கிறோம். மனிதர்களிடம் இது பெரும்பாலும் சரிவரும். மெஷினிடம் அந்த அடையாளங்களுக்கு அந்த அர்த்தம் கிடையாது. அரசாணை எண் வர வேண்டிய இடத்தில் அரசாணை எண் போல இருக்கும் ஒன்றை அது அழகாக எழுதிவிட முடியும். எண் எவ்வளவு நுணுக்கமாக இருக்கிறதோ, அவ்வளவுக்குச் சந்தேகப்படுங்கள்.

இந்தப் பழக்கம் புதிதில்லை. 1966-இல் எம்ஐடியில் ஜோசப் வைசன்பாம் என்பவர் எலிசா என்று ஒரு நிரல் எழுதினார். நாம் அடித்த வாக்கியத்தைக் கொஞ்சம் திருப்பிப் போட்டுக் கேள்வியாகத் தரும், அவ்வளவுதான். அவர் அதை உருவாக்குவதைக் கூட இருந்து பார்த்தவர் அவர் செயலாளர். அந்தச் செயலாளரே எலிசாவோடு பேசத் தொடங்கியதும், கொஞ்சம் வெளியே இருங்கள் என்று வைசன்பாமை அறையைவிட்டுப் போகச் சொன்னாராம். பதில் மாதிரி ஒன்று வந்தால் போதும், அதன் பின்னால் ஒரு மனசு இருக்கிறது என்று நாம் வைத்துக்கொள்கிறோம்.

2023-இல் நியூயார்க்கில் நடந்தது எல்லோரும் தெரிந்துகொள்ள வேண்டியது. விமான நிறுவனத்தின் மேல் போட்ட வழக்கில், சாட்ஜிபிடி கொடுத்த பழைய தீர்ப்புகளை வழக்கறிஞர்கள் மேற்கோள் காட்டினார்கள். அந்தத் தீர்ப்புகள் எதுவும் உலகத்தில் இல்லை. அதைவிடக் கவனிக்க வேண்டியது, அவை உண்மையா என்று அதனிடமே கேட்டிருக்கிறார்கள். உண்மைதான் என்று அது சொல்லியிருக்கிறது. நீதிபதி 5,000 டாலர் அபராதம் விதித்தார்.

ஆகவே சரிபார்க்க அதையே கேட்காதீர்கள். அரசாணை, சட்டப் பிரிவு, கட்டணம், கெடு நாள் இந்த நான்கையும் அரசு இணையதளத்திலோ ஆபீஸ் அறிவிப்புப் பலகையிலோ பாருங்கள். இல்லையென்றால் மனுவிலிருந்து எடுத்துவிடுங்கள். அரசாணை எண் இல்லாத மனுவும் செல்லும். தப்பான எண் உள்ள மனுவைப் படிக்கிறவருக்கு மீதி வரிகளிலும் நம்பிக்கை போய்விடும்.

கேட்கிற விதத்திலும் கவனம் வேண்டும். "இது சரிதானே?" என்று கேட்டால், நமக்குச் சரி என்ற பதில் வேண்டும் என்று அது எடுத்துக்கொள்ளும், பெரும்பாலும் ஒத்துப்போகும். "இந்த மனுவைத் தாசில்தார் திருப்பி அனுப்ப என்னென்ன காரணம் இருக்கிறது?" என்று கேட்டுப் பாருங்கள். அதே மெஷின் வேறு ஆள் மாதிரிப் பேசும். நான் இன்னொன்றும் செய்வேன். புதிதாக ஒரு உரையாடலைத் திறந்து, "ஒருவர் இந்த மனுவைக் கொண்டுவந்தார், இதில் என்ன குறை?" என்று ஒட்டிவிடுவேன். அந்த மனுவில் எனக்கு என்ன அக்கறை என்பது அதற்குத் தெரியாதபோது, பதில் நேராக வருகிறது.

"ஏன் அப்படி எழுதினாய்?" என்று கேட்டு நேரத்தை வீணாக்காதீர்கள். கேட்டால் ஒரு காரணம் சொல்லும். பொருத்தமாகவும் இருக்கும். எழுதிய சமயத்தில் உள்ளே நடந்தது அதுதான் என்பதற்கு அந்தக் காரணம் சாட்சியாகாது.

திருத்தச் சொல்லும் முறை

"தப்பா இருக்கு, மாத்து" என்று மட்டும் சொன்னால், எது தப்பு என்பதையும் அது ஊகிக்கத் தொடங்கும். சரியாக இருந்த பத்தியைக் கலைத்துவிட்டு, தப்பை அப்படியே விட்டுவைத்துக் கொடுக்கும். இப்படிச் சொல்லுங்கள்: "இரண்டாவது பத்தியில் மூத்த மகன் என்று போட்டிருக்கிறாய். அவர் மனுதாரரின் பெரியப்பா மகன். அந்த வரியை மட்டும் மாற்று, மற்றதைத் தொடாதே."

தப்பு அடித்தளத்திலேயே இருந்தால் திருத்திக்கொண்டு உட்காராதீர்கள். முதல் செய்தியைச் சரியாக எழுதி, புது உரையாடலில் போடுங்கள். பழைய உரையாடலில் பழைய தப்பான விவரமும் கூடவே இருப்பதால், நாலாவது தடவையில் அது திரும்பவும் தலைகாட்டும். சில செயலிகள் முந்தைய உரையாடல்களில் சொன்னதையும் நினைவில் வைத்துக்கொள்ளும். ஒரே போனில் பக்கத்து வீட்டுக்காரருக்கும் மனு எழுதிக் கொடுக்கிறவர்கள், அந்த நினைவு வசதியை அமைப்பில் போய் அணைத்துவிடுங்கள். ஒரு குடும்பத்து விவரம் இன்னொரு குடும்பத்து மனுவில் நுழைய வழி விடக்கூடாது.

பிரிண்ட் எடுத்த பிறகு

மனுதாரருக்கு வாசித்துக் காட்டுங்கள். எழுதப் படிக்கத் தெரிந்தவர்களுக்கும்தான். திரையில் கோவையாக ஓடும் தமிழைப் பார்த்தால் கண் வழுக்கிக்கொண்டு போய்விடும். காதால் கேட்டால் நிற்கும்.

வாசித்து முடித்ததும் "சரியா இருக்கா?" என்று கேட்காதீர்கள். அதற்கு யாரும் இல்லை என்று சொல்லமாட்டார்கள். கடைக்காரர் படித்தவர், காகிதம் அச்சில் இருக்கிறது, நாம் என்ன சொல்வது என்று தலையை ஆட்டிவிடுவார்கள். வயதானவர்கள் இன்னும் சுலபமாக ஆட்டுவார்கள். நான் கேட்பது இது: "நீங்க சொல்லாதது ஏதாச்சும் இதுல இருக்கா?" கேட்டுவிட்டுக் கொஞ்ச நேரம் பேசாமல் இருப்பேன். அப்போதுதான், "அந்த... பல தடவை வந்தேன்னு இருக்கே, நான் ஒரு தடவைதானே வந்தேன்" என்று மெதுவாக வரும். அப்புறம் இன்னொன்றும் கேட்பேன்: "நீங்க சொன்னதுல ஏதாச்சும் விட்டுப்போச்சா?" சகோதரிகள் பெயர், அடமானக் கடன், ஏற்கெனவே கோர்ட்டில் இருக்கிற வழக்கு எல்லாம் பெரும்பாலும் இந்த இரண்டாவது கேள்விக்குத்தான் வெளியே வருகின்றன.

வந்தால் அந்தப் பக்கத்தைக் கிழித்துவிட்டு, திருத்தி மறுபடி பிரிண்ட் எடுங்கள். அடித்துத் திருத்தி ஓரத்தில் எழுதிய மனு வேண்டாம். பழைய பக்கத்தின் ஜெராக்ஸ் எங்கேயாவது கிடக்கிறதா என்று பார்த்து அதையும் கிழித்துவிடுங்கள். பிறகு கையெழுத்து, தேதி. இரண்டு நகல், ஒன்றில் ஒப்புகை முத்திரை வாங்கிக்கொண்டு வரச் சொல்லி அனுப்புங்கள்.